லோகாவா, டேவிட்டா? பினாங்கில் இன்னும் தீராத வழக்கு!

ஞாயிறு காலை. ஜோர்ஜ்டவுனில் ஓர் ஒட்டுக்கடை. தே தாரே ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டு பெரியவர்கள் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அரசியலும் இல்லை, பந்து விளையாட்டும் இல்லை. அலிகேட்ஸ் குழுவின் எந்த இசைத்தட்டு சிறந்தது என்பதுதான் பிரச்சினை. "உனக்குப் பாட்டப் பத்தி என்னா தெரியும் லா?" என்று ஒருவர் மேசையைத் தட்டுகிறார். மற்றவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பாடலின் பெயரைச் சொல்கிறார். வழக்கு அடுத்த வாரத்திற்குத் தள்ளிவைக்கப்படுகிறது!

இளைய வாசகர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். 1960களின் இறுதியில் நம் பினாங்கில் பிறந்த இசைக்குழு அலிகேட்ஸ். அண்ணன் டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதன் ஆறுமுகமும்தான் அதன் குரல்கள். கூடை கவிழ்த்தது போன்ற சுருட்டை முடி அவர்களின் அடையாளம். 1970களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் பாடிய இவர்கள், பின்னர் மலாய் இசைத்தட்டுகளால் நாடு முழுவதும் புகழ்பெற்றார்கள். எம்.நாசிர், எஸ்.அத்தான் போன்றோரின் இசை அவர்களுக்குக் கைகொடுத்தது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பாடிய காதல் பாடல்களை மலாய் வீடுகளும் சீன வீடுகளும் தங்கள் பாடல்களாகவே ஏற்றுக்கொண்டன.

ரசிகர்களின் சண்டை பல வகை. லோகாவின் குரலா, டேவிட்டின் குரலா என்பது முதல் வகை. தொடக்க கால இசைத்தட்டுகளில் இருந்த துடிப்பு பிறகு குறைந்துவிட்டதா என்பது இரண்டாவது. 'செகுந்தும் மவார் மேரா செபுவா புவிசி' பெரிய பாடலா, 'ஹிங்கா ஆக்கிர் நந்தி' பெரிய பாடலா என்பது என்றுமே முடியாத வகை. அவரவர் எந்த வயதில் எந்தக் கேசட்டை வாங்கினாரோ, அதுவே அவருக்குச் சிறந்தது. உண்மையில் அவர்கள் வாதாடுவது தங்கள் இருபது வயதுக்காகத்தான்.

'அண்டாய்ஞா அக்கு பெர்கி டூலு' என்ற பாடலின் பெயர் வரும்போது மட்டும் சத்தம் சற்று அடங்கும். 'நான் முதலில் போய்விட்டால்' என்பது அதன் பொருள். 2007 ஜூனில் தம்பி லோகநாதன் புற்றுநோயால் காலமானார். அண்ணன் டேவிட் தொடர்ந்து குழுவை நடத்தி மேடையேறினார். அதன் பிறகு அந்தப் பாடலை யாரும் வெறும் காதல் பாட்டாகக் கேட்கவில்லை.

இந்தச் சண்டையால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. இன்று கைப்பேசியில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து புகழ்பெற்ற பாடல்களின் தொகுப்பு. இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் அமைதியாக ஒரு பாடல் இருக்குமே, அது தொகுப்புகளில் இடம்பெறுவது அரிது. "அதுதான் அந்தத் தட்டிலேயே நல்ல பாட்டு!" என்று அடம்பிடிக்க ஒருவர் இருக்கும் வரைதான் அதற்கு உயிர்.

இசையமைத்தவர் யார், வரிகள் எழுதியவர் யார் என்ற விவரமும் பழைய அட்டைகளில்தான் முழுமையாக இருக்கும். அந்த அட்டைகள் லோரோங் குலிட் பழம்பொருள் சந்தைக்கோ குப்பைக்கோ போவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் ஒரு மாமாவோ பெரியப்பாவோ பழைய இசைத்தட்டு வைத்திருந்தால், எது சிறந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை வேண்டுமென்றே மறுத்துப் பேசுங்கள்.

பிறகு பாருங்கள், பரண் மேலிருந்து அத்தனை தட்டுகளும் கீழே இறங்கிவிடும்!