பாட்டன் ஊரில் ஒரு தேநீர்க்கடை

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால், இலங்கையின் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. மஸ்கெலியாத் தோட்டக் குடும்பங்களும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கின. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகளுக்கு இங்கே பெரிதும் கிடைத்ததோ சிறுவணிகக் கடன்!

பாட்டன் பிறந்த ஊரில் தேநீர்க்கடை வைப்பது இனிய கனவுதான். ஆயினும் வாணிபம் பழகாதார், நாளும் கடன் சொல்லிக் குடிப்போரை எங்ஙனம் மறுப்பர்? பலரது முதல் விரைவில் கரைந்தது. 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் ஒரு பகுதியினருக்கே வேலை தந்தன. மீள நினைத்தாலோ, பழைய மஸ்கெலியா நகரம் 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டது.

அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர்! கடனோடு, கை அறிந்த தொழிலையும் தந்திருந்தாலன்றோ அது மறுவாழ்வாகியிருக்கும்?