பயணச் சின்னங்களும் இல்ல அழகும்

வெளியூர் சென்றவர் வெறுங்கையோடு வீடு திரும்புவது நம் வழக்கமன்று. பழநி சென்றவர் பஞ்சாமிர்தமும், திருநெல்வேலி சென்றவர் அல்வாவும் கொண்டு வருவர். தின்பண்டம் இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும். தீராமல் வீட்டிலேயே தங்கிவிடும் பொருள்களும் உண்டு. அவற்றையே பயணச் சின்னங்கள் என்கிறோம். கல்விச் சுற்றுலா முடிந்து திரும்பும் நம் மாணவர் பைகளிலும் அவை நிறைந்திருக்கக் காண்கிறோம். அவற்றுள் எதை வாங்குவது, எங்கே வைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் என் சிற்றறிவுக்கு எட்டியவரை விடை கூற விழைகிறேன்.

முதலாவதாக, எதை வாங்குவது? ஊர்ப் பெயர் பொறித்த சாவிக் கொத்து எல்லா ஊர்களிலும் ஒன்றே. பெயர் மட்டுமே மாறும். அந்த மண்ணில் விளைந்த பொருளைக் கொண்டு அவ்வூர்க் கைகள் செய்ததே உண்மையான சின்னமாகும். நெல்லை மாவட்டத்துப் பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி நூலைப் பாவாக இட்டு நெய்கிறார்கள். உயர்ந்த ரகப் பாயைத் துணிபோல் மடித்துவிடலாம். மைசூர் செல்லும் வழியில் உள்ள சென்னபட்டணத்தில், கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர். இவ்விரு பொருள்களும் புவிசார் குறியீடு பெற்றவை. வாங்குமுன் கடைக்காரரிடம், “இதைச் செய்தவர் யார்? எதனால் செய்தார்?” என்று கேளுங்கள். விடை தெரிந்த கடையில் வாங்குங்கள். கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கேனும் அக்கலைஞரின் அடுப்பை எரிக்கும் அல்லவா?

அடுத்து, எங்கே வைப்பது? கண்ணாடி அலமாரியில் நெருக்கி அடுக்குவது அழகாகாது. கூட்டத்தில் எந்த முகமும் நினைவில் நிற்பதில்லை. இவ்வகையில் நவராத்திரிக் கொலு நமக்கு நல்லாசான். ஆண்டு முழுவதும் பெட்டியில் உறங்கும் பொம்மைகள் ஒன்பது நாள் வெளிவரும்போது புதுமை பெறுகின்றன. அவ்வாறே மூன்று நான்கு பொருள்களை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைத் துணியில் சுற்றி வைத்து, சில திங்களுக்கு ஒருமுறை மாற்றலாம். சாயமேறிய பாயும் அரக்குப் பொம்மையும் நேர் வெயிலில் நிறம் மங்கும். மாமல்லபுரத்துக் கற்சிலையின் இடம் தரையோ மாடமோ ஆகும். மெல்லிய பலகை அதன் கனம் தாங்காது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குச் சமதளம் வேண்டும். அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதாலன்றோ அது சாய்ந்தும் நிமிர்கிறது! பொருளின் அடியில் ஊர், ஆண்டு, செய்பொருள் ஆகிய மூன்றையும் எழுதிய சிறு சீட்டு ஒன்றை ஒட்டி வையுங்கள். நாம் மறந்தாலும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்வர்.

இறுதியாக, எதைத் தொடாமல் விடுவது? இதுவே மிக முக்கியமானது என்பேன். இராமேசுவரம் போன்ற கடலூர்களில் பவளத் துண்டு கண்ணைக் கவரும். பவளப் பாறையோ சிறு கடலுயிரினங்கள் நெடுங்காலம் கட்டிய வீடு, மீன்களின் புகலிடம், கரைக்கு அரண். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கியதற்குப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பவளங்களும் சிலவகைச் சங்கு சிப்பிகளும் 2001-ஆம் ஆண்டு முதல் காக்கப்படுகின்றன. நம் வீட்டு அலமாரியை அழகாக்கக் கடலின் வீட்டை இடிக்கலாமா?

பழம்பொருளும் அத்தகையதே. 2015-இல் அகழாய்வு தொடங்கிய கீழடி போன்ற இடங்களில், ஒரு பானை ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதே அதன் பெருமதிப்பு. சட்டைப் பையில் ஏறிய நொடியிலேயே அது சான்று என்னும் தகுதியை இழந்து வெறும் ஓடாகிவிடுகிறது. நூறாண்டு கடந்த சிலைகளை உரிமமின்றி விற்பதும் சட்டப்படி குற்றமாகும்.

விருந்தினர் ஒருவர், “இது எங்கிருந்து வந்தது?” என்று வினவும்போது, அப்பொருளின் கதையை முழுவதும் நாணமின்றிச் சொல்ல இயலுமானால் அதுவே இல்லத்திற்கு அணிகலன். சொல்லத் தயங்கும் பொருள் பொன்னே ஆயினும் அழகு தராது. அடுத்த சுற்றுலாவிற்குப் புறப்படும் நண்பர்களே! பையில் இடம் சிறிதே இருக்கட்டும்; கதை பெரிதாக இருக்கட்டும்.