எட்டு ரிங்கிட் வரி, ஐந்து ரிங்கிட் சிகரெட்

சுங்கத்துறை என்றதும் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லும் சீருடைக்காரர்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறங்களில் அந்தத் துறையின் வேலை தெரியும் இடம் வேறு: சிகரெட் பெட்டியும் மது போத்தலும்.

ஒரு சின்னக் கணக்கு. 2015 நவம்பரில் மலேசியாவில் ஒரு சிகரெட்டுக்கான கலால் வரி 40 சென் ஆனது. அப்போது 20 சிகரெட் கொண்ட பெட்டிக்கு வரி மட்டுமே 8 ரிங்கிட். அந்தப் பெட்டி 5 ரிங்கிட்டுக்குக் கைமாறினால், வரி கட்டாத சரக்கு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வரி முத்திரையைப் போலியாக அச்சடித்துவிடலாம், விலை காட்டிக்கொடுத்துவிடும்.

வரி கட்டாத மதுவில் விவகாரம் இன்னும் மோசம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சம்சு என்ற மலிவு மதுவால் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்ட தோட்ட மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நிதி அமைச்சின் கீழ் இயங்கும் அரச மலேசிய சுங்கத்துறைக்கு அடிப்படை 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம். இறக்குமதி, ஏற்றுமதி வரிகளோடு விற்பனை, சேவை வரிகளையும் இந்தத் துறையே வசூலிக்கிறது. கச்சா செம்பனை எண்ணெய்க்கான ஏற்றுமதி வரி, சந்தை விலையைப் பார்த்து மாதந்தோறும் நிர்ணயிக்கப்படுகிறது. குலை வெட்டும் தொழிலாளி சுங்க அதிகாரியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர் வெட்டிய குலையின் எண்ணெய் கப்பலேறும்போது அந்த வரிக் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் சுங்கக் கழகம் மலாக்காவில்தான் இருக்கிறது. பொருத்தமான ஊர். சுல்தான்கள் காலத்தில் இங்கே நான்கு ஷாபந்தர்கள் துறைமுகத்தைக் கவனித்தார்கள். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு 6 விழுக்காடு வரி. கிழக்கிலிருந்து வந்தவர்கள் வரிக்குப் பதில் அன்பளிப்பு தந்தார்கள் என்று போர்த்துகீசியரான தோமே பீரெஸ் 1512க்கும் 1515க்கும் இடையே எழுதிவைத்தார். 2015 முதல் 2018 வரை மலேசியாவில் இருந்த பொருள் சேவை வரியும் 6 விழுக்காடுதான், தற்செயலாக.

பீரெஸ் தரும் இன்னொரு தகவல் சுவையானது. குஜராத்திக் கப்பல்களின் சரக்கை மதிப்பிட அதிகாரி முன்னிலையில் பத்து வணிகர்கள் கூடுவார்கள்; அவர்களில் ஐவர் சோழமண்டலக் கரை வணிகர்கள். அதிகாரி மனம்போன போக்கில் விலை வைக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. இன்று இறக்குமதியாளரே கே1 பாரத்தில் மதிப்பை எழுதித் தருகிறார், அதிகாரி சரிபார்க்கிறார்.