ராத்திரி எட்டரைக்கு யார் அணைத்தது?

எங்கள் ஆபீஸில் ஒரு மெமோ டைப் ஆகி, கையெழுத்துக்காக மானேஜர் மேஜையில் காத்திருந்தது. யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். சேர்ந்து 5 மாதமே ஆன, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையனுக்கு.

விஷயம் இதுதான். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு எங்கள் க்ளவுடில் ஒரு வர்ச்சுவல் மெஷின் புதிதாகக் கொடுத்திருந்தோம். வியாழக்கிழமை மாலை அதை உருவாக்கிக் கொடுத்தவன் இந்தப் பையன்தான். வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தவர்கள் எல்லாரும் ரிப்போர்ட் வராமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மெஷின் அணைந்து கிடந்தது. யார் அணைத்தது? எச்சரிக்கை மெயிலில் ஒரே ஒரு வரி: வியாழன், 20:30, மெஷின் நிறுத்தப்பட்டது. வியாழன் ராத்திரி எட்டரைக்கு டியூட்டியில் இருந்தது யார்? பையன். தீர்ந்தது கேஸ்.

"நான் தொடவே இல்லண்ணா. பத்து மணிக்கு நான் கிளம்பறப்ப ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றான். கண் கலங்கியிருந்தது. கேண்டீன் டீயை அப்படியே ஆற வைத்துவிட்டான். ஆறினால் அந்த டீயைக் குடிக்க முடியாது. சூடாக இருந்தாலும் சிரமம்தான், அது வேறு விஷயம்.

"லாகை எடுத்துப் பார்த்துடலாம்ப்பா" என்றேன். அப்போது புதன்கிழமை சாயங்காலம்.

லாக் என்றால் மரக்கட்டை. நிஜமாகவே கட்டைதான். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் வீசி, மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ணி, கப்பலின் வேகத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்தார்கள். கட்டையின் பேர் நோட்டுக்கு வந்து, நோட்டின் பேர் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. எங்கள் கட்டை மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் இருந்தது. இத்தனை மெஷின்களையும் மேய்க்கும் மேனேஜ்மெண்ட் சர்வர் அங்கேதான். மென்பொருள் அப்பாச்சி க்ளவுட்ஸ்டாக். அது தன் டயரியை எழுதி வைக்கும் இடம் வார்-லாக்-க்ளவுட்ஸ்டாக்-மேனேஜ்மெண்ட் என்ற டைரக்டரி. பெரிய டயரி ஒன்று, யார் என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று மட்டும் குறிக்கும் ஏபிஐ லாக் இன்னொன்று. எனக்கு வேண்டியது இரண்டாவது.

அவசரம் என்னவென்றால், டயரி நிரம்பிக்கொண்டே இருக்கும். அதனால் தினம் ராத்திரி அன்றைய பக்கத்தைச் சுருட்டிக் கட்டிவிட்டு, பழைய கட்டைத் தூக்கி எறிய ஏற்பாடு உண்டு. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எங்கள் டிஸ்க்கில் இடம் இருந்ததென்னவோ 7 நாளைக்கு. (இப்போது 180 ஆக்கிவிட்டோம், பயப்படாதீர்கள்.) ஆக, வியாழக்கிழமை லாக் மறுநாள் ராத்திரி பரலோகம் போய்விடும்.

தூரத்துச் சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்எச் என்று ஒரு வழி. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டூ யூலோனன் என்பவர் எழுதியது. அங்கே நெட்வொர்க்கில் எவனோ உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை ஒட்டுக் கேட்டுவிட்டான். அந்தக் கடுப்பில் பிறந்தது இது. பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஃபைல் வைத்துக்கொள்ளலாம். என் சாவியைப் பழைய லேப்டாப்பிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்திருந்தேன். போட்டேன். திறக்க மறுத்தது. 'சாவியை ஊரே பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறாய், இதை நான் ஏற்க மாட்டேன்' என்று பெரிய எழுத்தில் திட்டு. மற்றவர்கள் படிக்க முடியாதபடி சிஎச்மாட் 600 என்று அடித்ததும் சமாதானமாகிக் கதவைத் திறந்தது.

ஃபைல் இருந்தது. இழுத்து வரலாம் என்று எஸ்சிபி கட்டளை கொடுத்தால், அனுமதி இல்லை. அது வேறு பயனருக்குச் சொந்தமான ஃபைல். நம் வீட்டு பீரோதான், சாவி மாமியார் இடுப்பில் என்கிற கதை. சூடோ போட்டு டெம்ப் டைரக்டரிக்கு ஒரு நகல் எடுத்து, அதை என் பேருக்கு மாற்றி, பிறகு சென்னைக்கு இறக்கினேன். இரண்டு பக்கமும் ஷா256 கணக்குப் போட்டு, எழுத்துக்கு எழுத்து ஒரே ஃபைல்தானா என்று பார்த்துக்கொண்டேன். நாளைக்கு யாராவது 'நீயே திருத்தினாய்' என்று சொல்லக்கூடாதே.

இசட்கிரெப் என்று ஒரு சாமர்த்தியசாலி இருக்கிறான். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே தேடுவான். மெஷினை நிறுத்தும் கட்டளையைத் தேடச் சொன்னேன். வந்தது வரி. 20:30:01. பையன் பின்னால் நின்று மூச்சு விடாமல் பார்த்தான்.

"பார்த்தீங்களாண்ணா, எட்டரைதான் போட்டிருக்கு..." குரல் உடைந்தது.

எனக்கு ஏதோ உறுத்த, அந்தச் சர்வரில் டேட் என்று அடித்தேன். எங்கள் சுவர்க் கடிகாரத்தில் மாலை 6.40. சர்வர் சொன்னது 13:10 யூடிசி. சர்வர் மும்பையில் இருந்தாலும் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைப்பதுதான் வழக்கம். நம் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 20:30-உடன் ஐந்தரையைக் கூட்டிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடிகாலை 2 மணி. பையன் அப்போது திருவல்லிக்கேணி மேன்ஷனில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். அரை நிமிஷம் இரண்டு பேருக்கும் தீபாவளி.

பிறகுதான் அந்த வரியின் மீதியைப் படித்தேன். எந்தக் கணக்கு, எந்த ஐபி முகவரி என்று அதிலேயே இருந்தது. முகவரி பரிச்சயமானது. ரொம்பவே.

வெள்ளி விடிகாலை 2 மணிக்கு வாரம் ஒருமுறை ஓடுகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. சோதனைக்கு உருவாக்கி மறந்துபோன மெஷின்கள் வீணாக ஓடுகின்றனவே என்று, 'டெஸ்ட்' என்று பேர் ஆரம்பிக்கும் மெஷின்களையெல்லாம் அது நிறுத்திவிடும். ரத்தப் பரிசோதனைக்காரர்கள் தங்கள் மெஷினுக்கு வைத்த பேர் 'டெஸ்ட்-லேப்'. ஸ்கிரிப்ட் அதன் கடமையைச் செய்துவிட்டது. விட்டிருந்தால் அடுத்த வெள்ளியும் செய்திருக்கும். அதை எழுதின மகானுபாவன் யார் என்றா கேட்கிறீர்கள்?

பையன் ஸ்கிரீனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலை அழிக்க ஒரு கட்டளை போதும், நாளைக்கு மும்பையில் இருப்பதும் தானாகவே போய்விடும். அந்த நினைப்பு வரவே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். வந்தது. டீ குடிக்கும் நேரம் வரை இருந்தது.

முதலில் ஸ்கிரிப்ட்டை நிறுத்தினேன். அப்புறம் அந்த வரியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மானேஜர் ரூமுக்குப் போனேன். யூடிசி கணக்கைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிய்யா, பையன் இல்ல. அப்ப ரெண்டு மணிக்கு அணைச்சது யாரு?"

"நான்தான் ஸார்."

மறுநாள் காலை மெமோ வந்தது. என் பேருக்கு. அதே பழைய மெமோவில் பேரை மட்டும் மாற்றியிருந்தார்கள். 11 வருஷம் அங்கே குப்பை கொட்டியவனுக்கு, 'பணியில் சேர்ந்து ஐந்து மாதமே ஆன தாங்கள்' என்று ஆரம்பித்திருந்தது.