ஐரோப்பாவில் ஓய்வுக்காலம்: புறப்படுமுன் ஒரு மாற்றம்

பணி நிறைவு பெற்ற இரயில்வே அலுவலர்களும் பேராசிரியர்களும் மிகுதியாக வாழும் பகுதி ஐதராபாத்தின் தார்நாகா. அங்குள்ள நமது கிளைக்கு வந்த இரயில்வே ஓய்வூதியர் ஒருவர், மனைவியுடன் போர்ச்சுகலில் மகளருகே நிலையாகக் குடியேற எண்ணியிருந்தார். “இங்குள்ள கணக்கை அப்படியே வைத்துக்கொண்டால் போதாதா?” என்று வினவினார். போதாது என்பதே நமது விடை.

போர்ச்சுகலின் ‘டி7’ விசா, ஓய்வூதியம், வாடகை போன்ற நிலையான வருவாய் உடையோர்க்கானது. அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியமே அதற்கு அளவுகோல். 2025-இல் அது மாதம் 870 யூரோ. துணைவருக்கு அதில் பாதி கூடுதலாக வேண்டும். ஆக, தம்பதியருக்கு 1,305 யூரோ.

விசா கிடைத்தபின் கணக்கைக் கவனிக்க வேண்டும். காலவரையறையின்றித் தங்கும் நோக்குடன் வெளிநாடு செல்பவர், 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வெளிநாடுவாழ்பவர் ஆகிறார். அவரது சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். சில மாதங்கள் மகளைப் பார்த்துத் திரும்புவோர்க்கு இது தேவையில்லை.

மாற்றியபின் ஓய்வூதியம் அக்கணக்கிலேயே வரவாகும். ஓய்வூதியம், வாடகை போன்ற நடப்பு வருவாயை, உரிய வரி செலுத்தியபின் உச்சவரம்பின்றி வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வீடு விற்ற தொகை போன்ற முதலுக்கு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பு உண்டு. வட்டியில் 30 விழுக்காடும் அதன் மேல்வரியும் மூலத்திலேயே பிடிக்கப்படும். போர்ச்சுகலில் பெற்ற வரி இருப்பிடச் சான்றை அளித்தால், இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி இப்பிடித்தம் குறையும்.

நவம்பர்தோறும் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். அயல்நாட்டில் அது பெருந்துன்பம். கைப்பேசியில் முகம் காட்டும் ‘ஜீவன் பிரமாண்’ வழியாகவோ, இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையிலோ அதனை அளிக்கலாம்.

இறுதியாக ஒன்று. ஓய்வூதியம் ரூபாயில் வரும். செலவோ யூரோவில் ஆகும். 2015-இல் ஏறத்தாழ 70 ரூபாயாக இருந்த யூரோ, 2025-இல் 100 ரூபாயைத் தாண்டியது. அன்று ஏறத்தாழ 91,000 ரூபாய்க்குக் கிடைத்த 1,305 யூரோவுக்கு இன்று 1,30,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். அகவிலைப்படி உயர்வு இந்திய விலைவாசியைப் பின்பற்றுமேயன்றி யூரோவை அன்று. எனவே, இன்றைய ஓய்வூதியம் சரியாகப் போதும் என்னும் நிலையில் புறப்படாது, வைப்புத்தொகையில் ஒரு பகுதியைத் தனியே காத்துச் செல்லுமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம்.