பர்கரும் நம்பிக்கையும்

பர்கர் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள் பெரிதும் விரும்பியுண்ணும் ஓர் எளிய உணவாகும். கொத்திய மாட்டிறைச்சியை வடைபோல் தட்டி, இரும்புக் கல்லிலோ தணலிலோ வாட்டி, இரண்டாகப் பிளந்த பன்னின் நடுவே வைத்தளிப்பதே அதன் இயல்பு. ஹாம்பர்கர் என்னும் அதன் முழுப்பெயர் ஜெர்மனி நாட்டுத் துறைமுக நகராகிய ஹாம்பர்க்கின் அடியாகப் பிறந்தது. 'ஹாம்' எனப்படும் பன்றியிறைச்சிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஊர்ப்பெயரும் விகுதியுமாகப் பிரிக்கற்பாலதனை மக்கள் 'ஹாம்' என்றும் 'பர்கர்' என்றும் பிரித்துக்கொண்டமையாலேயே சீஸ்பர்கர் முதலிய புதுச்சொற்கள் முளைத்தன என்பது சொல்லாராய்ச்சியில் விருப்பமுடையார்க்குச் சுவை பயப்பதாம்.

இவ்வுணவின் வகைகளுள் பலரும் பாராட்டுவன சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை மக்கள் மனத்தைக் கவர்ந்ததற்குக் காரணம் யாதென ஈண்டு ஆராயப் புகுகின்றோம். சுவை ஒன்றே காரணம் எனின் அமையாது. முழுத்துண்டாகிய இறைச்சியின் நன்மை தீமைகளைக் கண்ணாற் கண்டும் மோந்தும் ஒருவாறு அறியலாம். கொத்தியபின் அஃது எளிதன்று. புதியதும் பழையதும், சேரத்தக்கதும் தகாததும் ஒன்றாய்க் கலந்து மறைந்துவிடும். ஆதலின் பர்கரை வாங்கியுண்பவன் அதனை ஆக்கியவனை நம்பியே உண்கின்றான். அந்நம்பிக்கையை ஈட்டிய முறைகளே பற்பல பர்கர்களின் தனிச்சிறப்பாய் அமைந்தன என்பது நம் துணிபு.

கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் 'லூயிஸ் லஞ்ச்' என்னும் சிறுகடை ஒன்று உளது. அதன் நிறுவனராகிய லூயி லாசென் என்பார் 1900-ஆம் ஆண்டில் பர்கரை முதன்முதல் ஆக்கினார் என அக்கடையார் கூறுவர். விஸ்கான்சின் மாநிலத்துச் சீமோர் என்னும் ஊராரோ 1885-ஆம் ஆண்டைச் சுட்டித் தமக்கே அவ்வுரிமை என்பர். அவ்வழக்கைத் தீர்த்தல் நம்மால் ஆவதன்று. லூயிஸ் லஞ்சில் பன் இல்லை. வாட்டிய ரொட்டித்துண்டுகள் இரண்டின் நடுவே கறிவடையை வைப்பர். பாலாடைக்கட்டி, வெங்காயம், தக்காளி என்பவற்றையன்றிப் பிறிதொன்றும் சேர்த்தல் இல்லை. கெச்சப் கேட்பார்க்கும் கிடைப்பதில்லை. இஃது இறுமாப்புப்போலத் தோன்றினும், இறைச்சியின் குறையை மூடி மறைக்க யாதொன்றையும் துணைக்கொள்ளோம் என்னும் உறுதிமொழியாகவும் கொள்ளற்குரியது.

1906-ஆம் ஆண்டில் அப்டன் சின்க்ளேர் என்பார் எழுதிய 'தி ஜங்கிள்' என்னும் நாவல், சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளின் தூய்மைக்கேட்டை உலகறியச் செய்தது. அவ்வாண்டிலேயே இறைச்சி மேற்பார்வைச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் கொத்துக்கறியின்மேல் மக்கள் கொண்ட அச்சம் விரைவில் நீங்கவில்லை. இந்நிலையில், 1921-ஆம் ஆண்டு கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் வால்ட்டர் ஆண்டர்சன், பில்லி இங்கிராம் என்னும் இருவர் 'வெண்கோட்டை' எனப் பொருள்படும் 'ஒயிட் காசில்' என்னும் கடையைத் திறந்தனர். கட்டடமும் வெண்மை, பணியாளர் உடையும் வெண்மை, சமைப்பதோ உண்பார் கண்முன். விலை ஐந்து சென்ட். 1930-ஆம் ஆண்டில் இங்கிராம், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் ஒருவரைப் பதின்மூன்று வாரம் தம் பர்கரும் நீருமே உட்கொண்டு வாழச் செய்து, அவர் நலங்குன்றாது இருந்தமையை விளம்பரப்படுத்தினார். கல்லூரி விடுதி உணவைக் குறைகூறும் நண்பர்கள் அம்மாணவரைச் சற்றே நினைப்பார்களாக! இன்றும் அக்கடையின் சிறு சதுரக் கறிவடைகளில் ஐந்து துளைகள் உண்டு. வெங்காயப் படுகையினின்று எழும் ஆவி அத்துளைகளின் வழியே ஏறுதலால், புரட்டாமலே கறி வெந்து, மேலுள்ள பன்னும் மென்மை எய்தும்.

ஓக்லஹோமா மாநிலத்து எல் ரீனோ என்னும் ஊரின் வெங்காய பர்கர் வேறொரு பாடம் புகட்டுகின்றது. 1920-களில் தோன்றி, அடுத்த பத்தாண்டின் பொருளாதார முடையில் ஏழை எளியோர்க்கு உதவிய உணவு அது. கறி அரிது, வெங்காயம் மலிவு. ஆதலின் மெல்லியதாய் அரிந்த வெங்காயத்தைக் கைநிறைய எடுத்துக் கறியின்மேற் பரப்பிச் சட்டுவத்தால் அழுத்தி வாட்டினர். வெங்காயம் கறியின் கொழுப்பிற் பொரிந்து இனிப்பேறியது. வறுமை கற்பித்த இம்முறையைச் செல்வரும் இன்று நாடியுண்கின்றனர். மிசிசிப்பி மாநிலத்துக் கொரிந்து நகரிலும் கறியொடு மாவு சேர்த்துப் பொரிக்கும் 'ஸ்லக்பர்கர்' உண்டு. மறைத்துக் கலப்பது வஞ்சம்; அறியச் சேர்ப்பது சிக்கனம். இவ்விரண்டன் வேறுபாட்டையும் இவ்வூரார் நன்கு உணர்ந்திருந்தனர்.

நம்பிக்கை பிழைபட்டவிடத்து நேர்வது சிறுதீங்கன்று. 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், நன்கு வேகாத பர்கரை உண்டோர் எழுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். குழந்தைகள் நால்வர் மாண்டனர். முழுத்துண்டில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்திலேயே தங்கும், சூடுபட்டவுடன் அழியும். கொத்தும்போதோ அவை உள்ளெங்கும் பரவிவிடுகின்றன. இதனாலேயே கொத்துக்கறியின் நடுப்பகுதியும் 71 பாகை செல்சியஸ் வெப்பம் எய்தவேண்டும் என அந்நாட்டு அரசினர் அறிவுறுத்துகின்றனர். சிவப்பு மாறியதை மட்டும் கண்டு வெந்ததெனத் துணிதல் தகாது. நிறம் ஏமாற்றும், வெப்பமானி ஏமாற்றாது.

இனி, இல்லத்தில் ஆக்கும் முறையைக் கூறுவாம். தோட்பகுதி இறைச்சியை நம் கண்முன்னே கொத்துவித்தல் நலம். தசை நாற்பங்கும் கொழுப்பு ஒருபங்கும் இருத்தல் வேண்டும். கொழுப்புக் குறையின் கறி வறளும். மிகப் பிசைதல் கூடாது. உப்பை உள்ளே கலந்து பிசைந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். ஆதலின் கல்லில் இடுவதற்குச் சற்று முன்பு மேற்புறத்தில் மட்டும் தூவுக. வடையின் நடுவே கட்டைவிரலாற் சிறிது பள்ளம் செய்க. இன்றேல் வேகும்போது நடுவே புடைக்கும். கல் நன்கு காய்ந்திருத்தல் வேண்டும். அப்போதுதான் மேற்புறம் பொன்னிறமும் நறுமணமும் எய்தும். இம்மாறுதலை 1912-ஆம் ஆண்டில் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயார் பெயராலேயே அறிவியலார் அதனை வழங்குகின்றனர். பன்னின் உட்புறத்தையும் வாட்டிக்கொள்க. கறியின் சாறு ஊறிப் பன் குழையாது நிற்கும்.

இவ்வாறு நோக்குமிடத்து, ஒரு கடை மறைக்கும் குழம்பை விலக்கியது. ஒரு கடை சமையலறையையே திறந்துவைத்தது. ஓர் ஊர் தன் வறுமையை வெளிப்படையாகவே உணவிற் சேர்த்தது. இல்லத்தில் ஆக்குவாரோ தம் கைகளையே நம்புகின்றனர். பிறர் உண்ணுமாறு ஒன்றைக் கொத்திக் கலந்து அளிக்கும் ஒவ்வொருவரும், தாம் கலந்தது இன்னதென உண்பார் முகம் நோக்கிச் சொல்ல வல்லராதல் வேண்டும். அது கூடுமாயின், ஐந்து சென்ட் உணவும் விருந்தேயாம்.