செவிப்பறையின் விலை

அமெரிக்காவில் ஒருவரின் காதில் நடந்த அறுவைச் சிகிச்சைக்கு எவ்வளவு தொகை கோரப்படும் என்பதைச் சென்னையிலோ திருச்சியிலோ கணினி முன் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞர் இடும் ஐந்திலக்க எண் தீர்மானிக்கக்கூடும். நம் பட்டதாரிகள் பலருக்கு வாழ்வளிக்கும் 'மெடிக்கல் கோடிங்' பணி இதுதான். என்னிடம் பயின்றவர்கள் சிலரும் அதில் இருக்கிறார்கள்.

'சிபிடி' எனப்படும் இக்குறியீடுகளை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் முதன்முதலாக வெளியிட்டது. முதியோருக்கான 'மெடிகேர்' திட்டம் 1992 முதல் ஒவ்வோர் எண்ணுக்கும் மருத்துவரின் உழைப்பு, நடைமுறைச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு மதிப்பு வழங்குகிறது. சந்தையில் பேரம் பேசி உருவாகும் விலையன்று இது. எண் பிழையானால் விலையும் பிழையாகிவிடும்.

செவிப்பறையில் ஓட்டை என்ற ஒரே குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். சவ்வையும் ஒட்டுத்திசு எடுத்த இடத்தையும் மட்டுமே தொட்ட சிகிச்சைக்கு 69620. நடுச்செவிக்குள் சென்று செய்திருந்தால் 69631. கேட்கும் சிற்றெலும்புத் தொடரையும் சீரமைத்திருந்தால் 69632. அதற்குச் செயற்கை உறுப்புப் பொருத்தினால் 69633. காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பையும் குடைந்திருந்தால் 69641 முதலான வேறு வரிசைக்குச் செல்ல வேண்டும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அறிக்கையின் தலைப்பில் 'டிம்பனோபிளாஸ்டி' என்றிருப்பதைக் கண்டதும் 69631 என்று இட்டுவிடுகிறார்கள். தலைப்பு சான்றாகாது, அறுவை எவ்வாறு நடந்தது என்று மருத்துவர் விவரித்திருக்கும் பகுதியே சான்று. சிற்றெலும்புகள் அசைகின்றனவா என்று தொட்டுப் பார்த்தது சீரமைப்பு ஆகாது. குழந்தைகளின் காதில் குழாய் பொருத்துவதில் மயக்க முறைகூட எண்ணை மாற்றிவிடும்: முழு மயக்கத்தில் என்றால் 69436, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் 69433. இரு காதுகளிலும் செய்திருந்தால் 50 என்ற துணைக்குறி சேர்ப்பார்கள். அப்போது மெடிகேர் தருவது இருமடங்கன்று, ஒன்றரை மடங்கே.

மருத்துவச் சந்தையில் ஒரு தரப்பு அறிந்ததை மறுதரப்பு அறிவதில்லை என்று கென்னத் ஆரோ 1963-இல் எழுதினார். அறுவை அரங்கில் நடந்ததை மருத்துவர் அறிவார். பணம் தருபவரோ எண்ணைத்தான் காண்கிறார். மெடிகேர் பயனாளி பொதுவாக மருத்துவர் கட்டணத்தில் 20 விழுக்காட்டைத் தாமே ஏற்க வேண்டியிருப்பதால், தேவையின்றி உயர்ந்த எண் ஒரு முதியவரின் கைப்பணத்தையும் கரைக்கும். குறைத்து இட்டாலோ மருத்துவரின் உழைப்பு வீணாகும்.

அறிக்கை தெளிவாக இல்லாதபோது ஊகிக்காமல், மருத்துவரிடமே எழுத்துவழி விளக்கம் கேட்பதுதான் முறை. அதற்கு நேரம் பிடிக்கும். நாளுக்கு இத்தனை கோப்புகள் என்று இலக்கு விதிக்கும் நிறுவனங்கள், அந்த நேரத்தையும் பணிநேரமாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.